யாருக்கு எழுதிய வாக்கு? கிருபையின் காலத்தில் ஜெபமும் விசுவாசமும்

"எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." இயேசு கற்பித்த கர்த்தருடைய ஜெபத்தில், தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் மனப்பாடமான வரி இது. 1909இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ஸ்கோஃபீல்டு வேதாகமத்தில் இந்த வரிக்கு ஒரு சிறு குறிப்பு உண்டு. இந்த வேண்டுதல் நியாயப்பிரமாணத்தின், அதாவது மோசே மூலம் இஸ்ரவேலுக்குத் தரப்பட்ட சட்டத்தின், தளத்தில் நிற்கிறது என்று தொடங்கும் அந்தக் குறிப்பு, வாசகரை எபேசியர் 4:32க்கு அனுப்புகிறது. "கிறிஸ்துவுக்குள் தேவன் உங்களுக்கு மன்னித்ததுபோல, நீங்களும் ஒருவருக்கொருவர் மன்னியுங்கள்" என்பது அங்கே உள்ள வாக்கியம். முதல் வசனத்தில் நான் மன்னித்தால் எனக்கு மன்னிப்பு. இரண்டாவதில் எனக்கு மன்னிப்பு கிடைத்தாயிற்று, ஆகவே நான் மன்னிக்க வேண்டும். "போல" என்ற ஒரே சொல் இரண்டு வசனங்களிலும் வருகிறது. ஆனால் அது சுட்டும் திசை தலைகீழாகிவிடுகிறது.

கால நியமப் போதனை என்று இங்கே நான் அழைக்கப்போகும் இறையியல் முறை முழுவதையும் இந்த ஒரு ஒப்பீட்டுக்குள் அடக்கிக் காட்டிவிடலாம். தேவன் வெவ்வேறு காலங்களில் மனிதரை வெவ்வேறு நியமங்களின்படி நடத்துகிறார் என்பது இதன் அடிப்படை. தமிழ்ச் சபைகளில் இதை யுகங்களின் பாடம் என்றும் டிஸ்பென்சேஷன் போதனை என்றும் சொல்வார்கள். கடைசிக்காலம், இரகசிய வருகை, அந்திக்கிறிஸ்து, ஆயிர வருட அரசாட்சி ஆகியவற்றைச் சுவரை மறைக்கும் வரைபடங்களில் விளக்கும் போதனையாகவே பலருக்கு இது அறிமுகம். அந்த வரைபடங்களைவிட, இந்தப் போதனை ஒரு விசுவாசியின் அன்றாட ஜெபத்தில் என்ன மாற்றம் செய்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் இதன் வலிமையும் பலவீனமும் முழங்காலில் நிற்கும்போதுதான் வெளிப்படுகின்றன.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். 'டிஸ்பென்சேஷன்' என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல் 'ஒய்கோனோமியா'. ஒரு வீட்டின் வரவுசெலவையும் பண்டங்களையும் பொறுப்பாளர் ஒருவர் நிர்வகிக்கும் முறை என்பது அதன் நேர்ப்பொருள். நம் பழைய மொழிபெயர்ப்பு எபேசியர் 3:2இல் இதை 'தேவகிருபைக்குரிய நியமம்' என்று தந்திருக்கிறது. அதே கிரேக்கச் சொல் 1 கொரிந்தியர் 9:17இல் வரும்போது 'உக்கிராண உத்தியோகம்' என்று வைத்திருக்கிறது. உக்கிராணம் என்றால் பண்டங்கள் வைக்கும் அறை. அதன் சாவியை வைத்திருப்பவர் இன்றைக்கு யாருக்கு எவ்வளவு அளந்து கொடுக்க வேண்டும் என்பதை எஜமானின் கட்டளைப்படி செய்கிறார். கட்டளை மாறினால் அளவும் மாறும், எஜமான் மாறுவதில்லை. கால நியமப் போதகர்கள் சொல்ல வருவதை அவர்களுடைய வரைபடங்களைவிட இந்த உக்கிராணம் என்ற பழஞ்சொல் தெளிவாகச் சொல்லிவிடுகிறது என்பது என் எண்ணம்.

இந்தப் போதனைக்கு வடிவம் தந்தவர் ஜான் நெல்சன் டார்பி (1800–1882). அயர்லாந்து ஆங்கிலிக்கன் சபையில் குருவாக இருந்தவர் குதிரையிலிருந்து விழுந்து காயப்பட்டுப் படுத்திருந்த நாட்களில், தாம் கிறிஸ்துவோடு ஏற்கெனவே உன்னதங்களில் உட்காரவைக்கப்பட்டவர் என்ற உணர்வைப் பெற்றதாகப் பின்னாளில் எழுதினார். இஸ்ரவேல் பூமிக்குரிய வாக்குத்தத்தங்களைப் பெற்ற ஜனம், சபை பரலோகத்துக்குரிய ஜனம், இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது என்ற அவருடைய அடிப்படைப் பிரிவினை அங்கிருந்து வளர்ந்தது. அவர் முன்னணியில் நின்ற பிளிமத் பிரதரன் இயக்கம் அதைப் பரப்பியது. அமெரிக்காவில் சி. ஐ. ஸ்கோஃபீல்டு (1843–1921) அதை ஏழு காலங்களாக ஒழுங்குபடுத்தி வேதாகமத்தின் பக்கங்களிலேயே அச்சேற்றினார். களங்கமின்மை, மனச்சாட்சி, மனித ஆளுகை, வாக்குத்தத்தம், நியாயப்பிரமாணம், கிருபை, ராஜ்யம் என்பவை அந்த ஏழு. வசனமும் விளக்கமும் ஒரே பக்கத்தில் ஒரே அட்டைக்குள் வந்ததால், எது வேதம் எது குறிப்பு என்ற வேறுபாடே பல வாசகர்களுக்கு மங்கிப்போனது என்ற குறை அன்றைக்கே எழுந்தது. 1924இல் டல்லஸ் இறையியல் கல்லூரியை நிறுவிய லூயிஸ் ஸ்பெரி சேஃபர், இதில் கிருபை என்ற பகுதியை மட்டும் எடுத்து விரிவான வாழ்க்கை முறையாகவே வளர்த்தார்.

இந்தப் போதகர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டும் வசனம் 2 தீமோத்தேயு 2:15. சத்திய வசனத்தை "நிதானமாய்ப் பகுத்து" போதிக்க வேண்டும் என்கிறது அது. எங்கே பகுப்பது, பிரிக்கும் கோடு எங்கே என்பதில்தான் சண்டை. டார்பியும் ஸ்கோஃபீல்டும் சபை பெந்தெகொஸ்தே நாளில் தொடங்கியது என்றார்கள். சிகாகோவில் ஊழியம் செய்த ஜே. சி. ஓஹேரும், பெரேயன் வேதாகமச் சங்கத்தை நிறுவிய கொர்னேலியஸ் ஸ்டாமும், சபை பவுலோடுதான் தொடங்கியது, ஆகவே நாம் நேரடியாகக் கீழ்ப்படிய வேண்டிய போதனை பவுலின் நிருபங்களில் இருக்கிறது என்று கோட்டை இன்னும் தள்ளிப் போட்டார்கள். ஆங்கிலேயர் இ. டபிள்யூ. புல்லிங்கர் (1837–1913) கோட்டை அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி அதிகாரம்வரை கொண்டுபோனார். அதன்படி பவுல் சிறையிலிருந்து எழுதியவையும் அதற்குப் பின் எழுதியவையும்தான் இன்றைய சபைக்கு நேரடியானவை. கத்தி கையில் இருந்தால் எங்கே நிறுத்துவது என்பது கடினம்தான்.

இனி ஜெபத்துக்கு வருவோம்.

"நீங்கள் ஜெபம்பண்ணும்போது எவைகளைக் கேட்டுக்கொள்ளுவீர்களோ, அவைகளைப் பெற்றுக்கொள்வோம் என்று விசுவாசியுங்கள், அப்பொழுது அவைகள் உங்களுக்கு உண்டாகும்" என்கிறது மாற்கு 11:24. இதை நேரடி வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு, மகளின் புற்றுநோய் நீங்க நாற்பது நாள் உபவாசித்து ஜெபித்த ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். மகள் இறந்துபோகிறாள். அப்போது அந்தத் தாயின் முன்னே இரண்டே விடைகள் நிற்கின்றன: வாக்கு பொய், அல்லது என் விசுவாசம் போதவில்லை. முதலாவதைச் சொல்ல நா எழாது. ஆகவே இரண்டாவதையே சொல்லிக்கொண்டு, துக்கத்தோடு குற்றவுணர்வையும் சுமக்கிறாள். ஆறுதல் சொல்ல வருகிறவர்களில் சிலரும் அதையே சுற்றிவளைத்துச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கால நியமப் போதகர்களில் குறிப்பாகப் பவுலின் நிருபங்களை முன்வைப்போர் இந்த இடத்தில் மூன்றாவது விடை ஒன்றைத் தருகிறார்கள். அந்த வாக்கு, ராஜ்யம் வாசலில் நின்ற நாட்களில் இஸ்ரவேலுக்கு அனுப்பப்பட்ட பன்னிருவருக்குச் சொல்லப்பட்டது. அந்த ராஜ்யத்தில் நோய் இருக்காது, கேட்டது கிடைக்கும். நமக்குச் சொல்லப்பட்டதோ பிலிப்பியர் 4:6, 7. ஒன்றுக்கும் கவலைப்படாமல் எல்லாவற்றையும் ஸ்தோத்திரத்தோடே தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்கிறது அந்தப் பகுதி. பிறகு "அப்பொழுது" என்று ஒரு சொல் வருகிறது. கேட்டது கிடைக்கும் என்று அதற்குப்பின் எழுதியிருக்கவில்லை. எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் இருதயத்தைக் காத்துக்கொள்ளும் என்றுதான் எழுதியிருக்கிறது. மாற்கில் 'அப்பொழுது' என்பதற்குப்பின் கேட்ட பொருள் வருகிறது. பிலிப்பியரில் அதே இடத்தில் சமாதானம் வருகிறது.

இதற்கு அவர்கள் காட்டும் சான்று பவுலின் வாழ்க்கையிலிருந்தே வருகிறது, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. எபேசுவில் பவுலின் உடலில் பட்ட உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுபோய் நோயாளிகள்மேல் போட்டாலே நோய் நீங்கியது என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அதே பவுல் தம் கடைசி நிருபத்தில், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொல்கிறாரே தவிர உறுமால் அனுப்பவில்லை. தம் உடலில் 'முள்' என்று அவர் அழைத்த வேதனையை நீக்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டதற்குக் கிடைத்த விடை, "என் கிருபை உனக்குப்போதும்." கிருபையின் காலத்து ஜெபத்துக்கு இதுவே இலக்கணம் என்பது அவர்கள் வாதம். முள் நீங்கவில்லை என்பதால் ஜெபம் கேட்கப்படவில்லை என்று பொருளாகாது. விடை வந்தது, அது வேறு விடையாக இருந்தது. மகளை இழந்த தாயிடம் போய்ச் சொல்லத்தக்க வார்த்தை இந்தப் போதனையில் இருக்கிறது என்பதை, இதை ஏற்காதவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் சபைகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை ஜெபத்தோடு எடுத்து, அதில் இருக்கும் வசனம் இந்த ஆண்டு தேவன் எனக்குத் தந்தது என்று வீட்டுச் சுவரில் ஒட்டுகிறோம். எரேமியா 29:11 பலர் கையில் வந்திருக்கும்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனம் எந்த அட்டையிலும் அச்சாவதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு உங்களைச் சந்திப்பேன் என்று அது சொல்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதருக்கு எரேமியா எழுதிய இந்தக் கடிதத்தைப் பெற்ற பெரியவர்களில் பலர் சிறையிருப்பு முடியும்முன் இறந்துபோயிருப்பார்கள். கடிதம் யார் பெயருக்கு வந்தது என்று உறையின்மேல் பார்த்துவிட்டுப் பிரியுங்கள் என்று கால நியமப் போதகர் சொல்லும்போது, அது வறட்டுப் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் அட்டையில் வந்தபடி நடக்காத ஆண்டின் முடிவில் அந்தப் பேச்சின் நியாயம் புரியும்.

இவ்வளவும் இந்தப் போதனையின் பக்கம். ஆனால் பிரதரன் இயக்கத்தின் சொந்த வரலாறே இதற்குக் குறுக்கே வந்து நிற்கிறது.

ஜெபத்தின் பெயரால் உலகம் அறிந்த பிரதரன்காரர் டார்பி அல்லர். ஜார்ஜ் முல்லர் (1805–1898). பிரிஸ்டலில் யாரிடமும் பணம் கேட்காமல், தேவையை ஜெபத்தில் மட்டும் சொல்லி, தம் வாழ்நாளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைக் குழந்தைகளை வளர்த்தவர் அவர். 1835 டிசம்பரில் அந்த வேலைக்காக ஆயிரம் பவுனும் ஒரு வீடும் கேட்கும் துணிவை அவருக்குத் தந்த வசனம் சங்கீதம் 81:10: "உன் வாயை விரிவாய்த் திற, நான் அதை நிரப்புவேன்." உறையின்மேல் இருக்கும் விலாசத்தைப் பார்த்தால், அதே வசனத்தின் முற்பகுதி "உன்னை எகிப்து தேசத்திலிருந்து கொண்டுவந்த உன் தேவனாகிய கர்த்தர்" என்று தொடங்குகிறது. அசல் இஸ்ரவேல் விலாசம். முல்லர் அதைத் தயங்காமல் தம் பெயருக்கு வந்ததாகப் பிரித்தார், வீடு நிரம்பியது. 1848இல் டார்பியும் முல்லரும் பிரிந்தது இதனால் அல்ல. அது திருவிருந்தில் யாரைச் சேர்ப்பது என்ற சபை ஒழுங்குச் சண்டை. ஆயினும் இயக்கத்தின் இரண்டு மனங்கள் இங்கே தெரிகின்றன. ஒன்று வசனத்தின் விலாசத்தைச் சரிபார்க்கிறது. மற்றொன்று விலாசம் பார்க்காமல் அதைப் பற்றிக்கொள்கிறது.

இந்த இரண்டாவது மனமே தமிழகத்துக்கு முதலில் வந்தது. முல்லரின் மைத்துனர் அந்தோனி நோரிஸ் குரோவ்ஸ், பல் மருத்துவத் தொழிலை விட்டுவிட்டுப் பாக்தாத் வழியாக 1833இல் இந்தியா வந்தவர். சம்பளம் தரும் மிஷன் சங்கம் இல்லாமல் தேவனை மட்டும் நம்பி ஊழியம் செய்யலாம் என்று கற்பித்தவர். திருநெல்வேலியில் ஜெர்மன் மிஷனரி ரேனியஸிடம் பயின்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) அவருடைய செல்வாக்கால் அதே வழியைத் தேர்ந்துகொண்டு, கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உருவாக்கினார். 1860இல் அவரைச் சுற்றி எழுந்த எழுப்புதலில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் தரிசனங்களும் காணப்பட்டன. இவை அப்போஸ்தலர் காலத்தோடு ஓய்ந்துவிட்டன என்று கால நியமப் போதகர்களில் பெரும்பாலோர் பிற்காலத்தில் உறுதியாகக் கற்பித்தார்கள். பிரதரன் வழியில் வந்த தமிழ் ஊழியரின் எழுப்புதலே அந்தப் போதனைக்குள் அடங்காமல் நிற்பது சுவாரஸ்யமானது.

விசுவாசத்தைப் பற்றிய போதனையும் இதே பாதையில்தான் செல்கிறது. கேட்டதைப் பெறும் கருவியாக விசுவாசத்தைக் கருதக்கூடாது, தேவன் ஏற்கெனவே செய்து முடித்ததன்மேல் சாய்வதுதான் விசுவாசம் என்பார்கள். கலாத்தியர் 2:20ஐப் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு 'தேவகுமாரனுடைய விசுவாசத்தினால் வாழ்கிறேன்' என்ற பொருளில் தந்திருக்கிறது. பவுலின் நிருபங்களை முன்வைக்கும் போதகர்கள் பலர் அதை இறுகப் பிடித்துக்கொண்டு, என்னைத் தாங்குவது என் விசுவாசத்தின் அளவல்ல, கிறிஸ்துவின் உண்மையே என்று விளக்குகிறார்கள். நம் தமிழ் வேதாகமத்திலோ "தேவனுடைய குமாரனைப்பற்றும் விசுவாசத்தினாலே பிழைத்திருக்கிறேன்" என்று இருக்கிறது. கிரேக்கத்தில் இரண்டு பொருளுக்கும் இடமிருக்க, தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் "பற்றும்" என்ற சொல்லால் ஒரு பக்கம் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஆகவே ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த இந்தப் பாடம் தமிழில் கேட்பவர் கையில் இருக்கும் வேதாகமத்தோடு பொருந்தாமல் போகிறது. போதகர் அதை விளக்கிச் சொல்லாவிட்டால் கேட்பவர் குழம்புவார்.

வாழ்க்கை முறைக்கு வந்தால், ரோமர் 6:14 இந்தப் போதனையின் கொடி: "நீங்கள் நியாயப்பிரமாணத்திற்குக் கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால், பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது." உபாகமம் 28இல் கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம், மீறினால் சாபம் என்று நிபந்தனை முதலில் வருகிறது. எபேசியர் நிருபத்தில் மூன்று அதிகாரங்கள் முழுக்கத் தேவன் கொடுத்து முடித்தவை வந்தபின்பே நான்காவது அதிகாரம் "ஆதலால்" என்று தொடங்கி, அழைப்புக்குப் பாத்திரவான்களாய் நடங்கள் என்கிறது. தசமபாகம் கொண்டுவராதவன் தேவனை வஞ்சிக்கிறான் என்று மல்கியா 3ஐ வைத்துக் காணிக்கை உறை நீட்டப்படும் இடங்களில், இந்தப் போதனையைக் கேட்டவர் 2 கொரிந்தியர் 9:7ஐத் திறந்து, விசனமாயும் கட்டாயமாயும் அல்ல, மனதில் நியமித்தபடி கொடுப்பதே கிருபையின் முறை என்பார். உறை நீட்டும் போதகர்களுக்கு இது எல்லா நேரமும் பிடிப்பதில்லை.

கட்டாயம் இல்லையென்றால் மனிதன் மனம்போனபடி வாழமாட்டானா என்ற கேள்வி பவுலிடமே கேட்கப்பட்டது. ரோமர் 6:1, 2இல் "கூடாதே" என்று அவர் பதில் சொன்னார். ஆனால் கால நியமப் போதகர்களுக்குள்ளேயே இது அடங்கவில்லை. 1980களின் இறுதியில், கீழ்ப்படிதலின் கனி தெரியாத விசுவாசம் விசுவாசமே அல்ல என்று அமெரிக்கப் போதகர் ஜான் மெக்ஆர்தரும், அப்படிச் சொல்வது கிருபையில் கிரியையைக் கலப்பது என்று டல்லஸில் கற்பித்த ஸேன் ஹாட்ஜஸும் புத்தகங்கள் எழுதி மோதினார்கள். இருவரும் இஸ்ரவேல் வேறு, சபை வேறு என்று கொண்டவர்கள். கோட்டை ஒரே இடத்தில் போட்டவர்களும் அதற்கு இப்பால் எப்படி நடப்பது என்பதில் ஒத்துப்போகவில்லை.

பாவ அறிக்கையிலும் இதே பிளவு உண்டு. நம் பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்கிறார் என்ற 1 யோவான் 1:9, இரட்சிப்பை அல்ல, பிதாவோடுள்ள ஐக்கியத்தைப் புதுப்பிப்பதைச் சொல்கிறது என்று சேஃபர் விளக்கினார். பவுலின் நிருபங்களோடு நிற்பவர்களில் பலரோ, கொலோசெயர் 2:13இல் அக்கிரமங்களெல்லாம் மன்னித்தாயிற்று என்று எழுதியிருக்க, தினமும் மன்னிப்புக் கேட்பது பெற்ற பரிசைத் திரும்பத் திரும்பக் கேட்பதாகும், நன்றி சொல்வதே பொருத்தம் என்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மனைவியிடம் கடிந்து பேசிவிட்டுப் படுக்கப்போகும் ஒருவன், மன்னிப்புக் கேட்காமல் நன்றி மட்டும் சொல்லிவிட்டுத் தூங்குவது ஆத்துமாவுக்கு நல்லதா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்தப் போதனைக்கு எதிராக எழுந்த இறையியல் கண்டனங்களில் கனமானது, இரட்சிப்புக்கு இரண்டு வழி காட்டுகிறது என்பதுதான். யோவான் 1:17க்கு ஸ்கோஃபீல்டு எழுதிய குறிப்பு, முற்காலத்தில் நியாயப்பிரமாணக் கீழ்ப்படிதல் இரட்சிப்பின் நிபந்தனையாக இருந்தது என்ற பொருள்பட அமைந்துவிட்டது. ஆபிரகாமும் தாவீதும் விசுவாசத்தினால் நீதிமான்களாக எண்ணப்பட்டதை ரோமர் 4 சொல்லும்போது அது நிற்காது. 1944இல் அமெரிக்கத் தென்மாநிலப் பிரஸ்பிட்டேரியன் சபையின் குழு, இந்தப் போதனை அந்தச் சபையின் கோட்பாட்டு ஆவணமான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை என்று அறிக்கை தந்தது. 1967இல் வந்த புதிய ஸ்கோஃபீல்டு வேதாகமம் அந்தக் குறிப்பைத் திருத்திக்கொண்டது.

எனக்கு இதைவிட நெருடுவது வேறொன்று. கர்த்தருடைய ஜெபம் இயேசுவின் நாமத்தில் முடியவில்லை, ஆகவே அது இன்றைய சபையின் ஜெபம் அல்ல என்று சேஃபர் வாதிட்டார். ஆனால் புறஜாதியார் நிறைந்த எபேசு சபையின் பிள்ளைகளுக்குப் பவுல் எழுதும்போது, "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்று சீனாய் மலையில் இஸ்ரவேலுக்குச் சொன்னதையே எடுத்து, அது வாக்குத்தத்தமுள்ள முதலாங்கற்பனை என்பதையும் சேர்த்தே தருகிறார். உறையின் விலாசம் பவுலுக்குத் தெரியாதா? தெரிந்தும் எபேசுப் பிள்ளையின் கையில் கொடுக்கிறார். தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் "ஆம்" என்று கொரிந்தியருக்கு எழுதியவரும் அவரே. அட்டையை எடுத்துச் சுவரில் ஒட்டும் பாட்டிக்கும், முல்லருக்கும், அந்த ஒரு வசனமே போதுமான பதிலாக இருந்திருக்கும்.

சிறையிலிருந்து எழுதிய நிருபங்களில் பவுலின் ஜெபங்கள் பெரும்பாலும் உள்ளான மனுஷனில் வல்லமை, அன்பின் அகலம், தேவனை அறியும் அறிவு ஆகியவற்றையே கேட்கின்றன. எபேசியரிடம் தமக்காக ஜெபிக்கச் சொல்லும்போதும், சங்கிலி கழல வேண்டும் என்று கேட்காமல், வாயைத் திறக்கும்போது பேச வார்த்தை வேண்டும் என்றுதான் கேட்கிறார். கிருபையின் காலத்து ஜெபம் இப்படித்தான் இருக்கும், பொருளையும் விடுதலையையும் கேட்காது என்று போதகர்கள் இங்கே விரல்வைத்துக் காட்டுவார்கள். புல்லிங்கர் போட்ட கடைசிக் கோட்டுக்கு இப்பாலும் இருக்கும் நிருபங்களில் பிலேமோன் ஒன்று. ஒரே அதிகாரம், இருபத்தைந்து வசனங்கள். அதன் இருபத்திரண்டாம் வசனத்தில் சங்கிலியோடு இருக்கும் அதே பவுல், உங்கள் ஜெபங்களினாலே நான் உங்களுக்கு அநுக்கிரகிக்கப்படுவேன் என்று நம்பியிருக்கிறேன் என்று எழுதிவிட்டு, தாம் வந்து தங்குவதற்கு ஓரிடத்தை ஆயத்தம்பண்ணச் சொல்கிறார்.